கேட்டுப் பாத்துத்தான் வாங்கோணும்

வாங்க, வாங்க. செருப்ப வாசப்படிக்கிட்டயே உட்டுருங்க. பல்லடத்துல இருந்து போன் பண்ணுன வாத்தியாரு நீங்கதானுங்களே? நான்தானுங்க சென்னியப்பன். ஸ்பீக்கரு விக்கறதுன்னு விளம்பரம் குடுத்தது நான்தான். உக்காருங்க. அட, சோபாவுல வேண்டாமுங்க. இந்தச் சேர்ல. தரையில பச்சை டேப்பு ஒட்டியிருக்கறன் பாருங்க, சேரோட முன்னங்காலு ரெண்டும் அதுக்கு மேல இருக்கோணும். இன்னும் ஒரு ரெண்டு வெரக்கடை பின்னால... ஆங். இப்பச் செரி.

ஆமாங்க, அதே ரெண்டுந்தான். பீரோ இல்லீங்க. வர்றவங்க எல்லாரும் மொதல்ல பீரோன்னுதான் நெனைக்கறாங்க. போன மாசம் எங்க ஒரம்பரை, சொந்தக்காரரு ஒருத்தரு கதவு எந்தப் பக்கம்னு தேடிட்டே இருந்தாரு.

அந்த ரிமோட்டத் தொடாதீங்க! தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே. ஆம்ப்ளிபயரு இப்பத்தான் ஆன் பண்ணியிருக்கறன். சூடாகோணும். அரை மணி நேரம் போகட்டும். அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சரலாம். வசந்தா! ரெண்டு காப்பி! வாத்தியாரு வந்துட்டாரு!

என்ற சம்சாரமுங்க, வசந்தாமணி. உள்ள இருக்கறா. பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குது பாருங்க, கோவமா இருக்கறா. அது கெடக்கட்டும்.

'கேட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்'னு போன்ல சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்கள வரச் சொன்னேன். நாயமான பேச்சுங்க. இதுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. வந்தாங்க, இதே சேர்ல உக்காந்தாங்க, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தன்கூட ஒரு பாட்டுக் கேக்கலீங்க! கேக்கற பொறுமை இந்தக் காலத்துல யாருக்குங்க இருக்குது?

எனக்கு இங்க உடுமலையில பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால பம்ப் செட்டுக் கடைங்க. இருவத்தியாறு வருசம் ஆச்சு. என்ற கடைக்கு வந்து ஒரு மோட்டாரு கேட்டீங்கன்னா, தொட்டியில தண்ணிய நெப்பி, கரண்டு குடுத்து, கொழாயில இருந்து தண்ணி எத்தனை தூரத்துல போயி உழுகுதுன்னு காட்டாம பில்லு போட மாட்டனுங்க. தூக்கிப் பாருங்க, தட்டிப் பாருங்க, வேணும்னா உங்க ஊட்டுக் கெணத்துலயே ரெண்டு நாளு ஓட்டிப் பாருங்கம்பேன். கத்திரிக்காய அமுக்கிப் பாத்து வாங்கறோம். மாங்கா கீத்துப் போட்டுக் குடுக்கறான், தின்னு பாத்து வாங்கறோம்.

எங்க வசந்தாவையே எடுத்துக்கங்களேன். செருப்புக் கடைக்குப் போனா முப்பது சோடியாவது போட்டுப் பாக்காம வரமாட்டா. அவளுக்கு வலது கால்ல சுண்டு வெரல் நகம் கோணலுங்க. பொறப்புலயே அப்படி. அவங்கப்பன் வழி. எந்தச் செருப்பப் போட்டாலும் அந்த நகத்துல இடிக்கும். முப்பது சோடி போட்டுப் பாத்துட்டு, 'இல்லீங்க, கடிக்குது'ன்னுட்டு வெறுங்கையோட வந்துருவா. கடைக்காரன் சிரிச்ச மொகமா, 'பரவால்லீங்கக்கா, அடுத்த மாசம் புது மாடலு வருது'ங்கறான். செருப்புக்கு இத்தனை மரியாதைங்க. ஆனா ஒரு ஸ்பீக்கர காதால கேட்டுப் பாத்து வாங்கோணும்னு சொல்லிப் பாருங்க, உங்கள ஏற எறங்கப் பாப்பான்.

எதுக்குங்க பம்ப் செட்டுக்காரனுக்கு இத்தனை பெரிய ஸ்பீக்கரு? கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேட்டாங்க. சொல்றேன், நீங்க காலு மேல காலு போடாம உக்காருங்க. சத்தம் முட்டியில பட்டுத் திரும்பும்.

அந்தச் செவுத்துல போட்டோ இருக்குது பாருங்க. அது எங்க கண்ணாலமுங்க. இருவத்தொம்பது வருசம் ஆச்சு. மாலை மாத்தறப்ப எடுத்தது. மாப்பிள்ளை எப்படி, ஒசரமா, கம்பீரமா இருக்கறன் பாருங்க. உள்ளதச் சொல்லோணும்னா எனக்கும் அவளுக்கும் ஒரே ஒசரந்தான். என்ற சிநேகிதன் திருமூர்த்திதான், 'டேய், போட்டோவுல பொண்ணு ஒசரமாத் தெரிஞ்சா நல்லா இருக்காது, மணைப்பலகை மேல ஏறி நில்லுடா'ன்னான். ஏறி நின்னேன். எங்களச் சுத்திக் கூட்டம், நெரிசல். பக்கத்துல நிக்கறது பொண்ணு. மொகத்தச் சுளிச்சுட்டு, ஒதட்டக் கடிச்சுட்டு நிக்கறா பாருங்க, வெக்கமுங்க. அந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படி. போட்டோக்காரரு மொத்தம் ஏழு எடுத்தாரு. ஏழுலயும் அதே வெக்கம். இப்ப அந்த மாதிரி வெக்கப்படறதுக்கு ஆளு ஏதுங்க?

அப்பத்தான் அது நடந்துச்சு. நான் மாலையப் போடறதுக்குக் குனியறேன். இவ என்ற காதுக்கிட்ட வந்து என்னமோ சொன்னா. கெட்டிமேளம் அடிச்சுட்டு இருக்கறாங்க. ரெண்டு தவிலு, ரெண்டு நாயனம். ஒரு எழவும் கேக்கலை. புதுப் பொண்ணு மொதமொதலாப் பேசறா, 'என்ன, என்ன'ன்னு கேட்டா மரியாதையா? அதனால 'ம்'முன்னு சொல்லிட்டுத் தலைய ஆட்டிட்டேன்.

ஆட்டுனது ஒருக்காத்தானுங்க. இருவத்தொம்பது வருசமா அனுபவிக்கறேன்.

கண்ணாலம் ஆயி ஆறு மாசம் இருக்கும். கொழாயி ஒழுகுது, சரி பண்ணுங்கன்னா. செரின்னு மண்டைய ஆட்டுனேன். மறந்துட்டேன், சோலி அப்படி. பத்து நாளு கழிச்சு, 'மணவறையிலயே நான் சொன்னதுக்கு மண்டைய ஆட்டுன ஆளுதானே நீங்க'ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னத்தச் சொன்ன அம்மிணி அன்னைக்குன்னேன். 'காதுன்னு ஒண்ணு இருந்தாக் கேட்டிருப்பீங்க'ன்னுட்டு உள்ள போயிட்டா. அன்னைல இருந்து இதே கதைதான். கேஸு புக் பண்ண மறந்தா மணவறை. அவ தம்பி நிச்சயத்துக்கு நேரத்துக்குப் போகலைன்னா மணவறை. அன்னைக்கு என்ன சொன்னதுன்னு மட்டும் வாயத் தொறக்கவே மாட்டா. கெஞ்சியும் பாத்தாச்சு, கோவிச்சுட்டுச் சோறு திங்காமயும் பாத்தாச்சு. அன்னைக்கு உப்புமா. அதனால பெருசா ஒண்ணும் நடக்கலை.

நீங்களே சொல்லுங்க வாத்தியாரே. நான் அவளுக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கறேன். அந்த வாக்க நான் காப்பாத்தலை. அதனாலதான் அவளுக்கு இத்தனை ஆத்தாமை. ஆனா என்ன வாக்குன்னே எனக்குத் தெரியாது! 'எங்கம்மாவக் கூடவே வெச்சுக்கோணும்'னு சொன்னாளா? காசிக்குக் கூட்டிட்டுப் போறீங்களான்னு கேட்டாளா? இல்ல, 'என்னைய மேல படிக்க வெப்பீங்களா'ன்னு கேட்டாளா? அத நெனைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுங்க. நல்லாப் படிச்ச புள்ளைங்க அவ.

அஞ்சு வருசம் முன்னால ஊடு வெள்ளையடிக்கறப்ப ஒரு கேசட்டு கெடைச்சுது. எங்க கண்ணாலக் கேசட்டு! திருமூர்த்தி அன்னைக்கு ஒரு டேப்ரெக்கார்டர மணவறைக்குப் பின்னாலயே வெச்சுப் பதிவு பண்ணியிருக்கறான். பொண்ணு மாப்பிள்ளை நின்ன எடத்துல இருந்து ரெண்டு மொழந்தான் தூரம். எனக்கு வந்த சந்தோசத்தச் சொல்லி முடியாது. அவ பேசுனது அதுல இருக்கோணுமில்லீங்க? டேப்புல ஏறியிருக்கும். மேளத்துக்கு நடுவுல எங்கயோ பதுங்கிக் கெடக்குது. வெளிய எடுக்கறதுக்கு நல்ல ஸ்பீக்கரு வேணும். நான் போட்ட கணக்கு இதுதானுங்க. இதுல தப்பு இருந்தா இப்பவே சொல்லிப் போடுங்க. இருங்க, மொதல்ல நான் சொல்லி முடிச்சர்றேன்.

அந்தக் கேசட்டுல இருந்தத பென் டிரைவுல ஏத்திட்டு மொதல்ல கோயமுத்தூரு போனேன். பெரிய கடை. அந்த ஸ்பீக்கரப் போட்டுக் காட்டுங்கன்னேன். 'சார், அது கனெக்சன் குடுக்கலைங்க சார், பாக்கறதுக்கு மட்டுந்தான்'னான். செரி, இத. 'இது பிரிச்சா யாரும் வாங்க மாட்டாங்க சார்.' அப்பறம் எதத்தான் கேக்கறது? 'இதக் கேளுங்க, இதுவும் அதே மாதிரிதான்.' பக்கத்து ஊட்டுப் பொண்ணப் பாத்துட்டு, இந்த ஊட்டுப் பொண்ணக் கட்டிக்கன்னு சொல்ற மாதிரி இல்லீங்களா?

செரின்னு உக்காந்தேன். பென் டிரைவ நீட்டுனேன். வாங்கவே மாட்டீங்கறான். அவங்க கடைப் பாட்டத்தான் போடுவானாம். என்ன பாட்டுங்கறீங்க? கண்ணாடி ஒடையற சத்தம். அப்பறம் மழை. அப்பறம் ரயிலு ஒண்ணு இந்தக் காதுல பூந்து அந்தக் காதுல போச்சு. 'எப்படி இருக்குது சார்?'ங்கறான். கண்ணாடி ஒடையறதுக்கு என்னத்தப்பா சொல்றது? எங்க ஊட்லயே வாரத்துக்கு ஒண்ணு ஒடையுது. அது இத விட நல்லாக் கேக்கும். மன்றாடி, நம்ம பாட்டப் போட வெச்சேன். கெட்டிமேளம் ஆரம்பிக்குது, நான் மூச்ச அடக்கிட்டுக் கேக்கறேன், அந்த நேரம் பாத்துப் பக்கத்து ரூம்புல எவனோ ஓம் தியேட்டரு பாக்க வந்து ஹெலிகாப்டர உட்டுட்டான். என்ற கண்ணாலத்துக்கு நடுவுல ஹெலிகாப்டரு. ஏசிய வேற நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. அது எங்க கடை மோட்டாரு மாதிரி இரைஞ்சுட்டே இருக்குது.

இப்படியே ஒம்பது கடை ஏறி எறங்குனேன். ஈரோடு, சேலம் எல்லாம் போயாச்சு. ஒரு கடையில, 'ரெக்கார்டிங் சரியில்லைங்க சார், நல்ல பாட்டா இருந்தாக் கொண்டு வாங்க'ன்னு சொல்றான். என்ற கண்ணாலத்தப் பாத்து!

காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. வசந்தா, இவருதான் வாத்தியாரு... போயிட்டா. டம்ளரக் கீழ வைக்கறப்ப மெதுவா வைங்க. அந்தப் பக்கத்து ஸ்பீக்கரு மேல வெச்சராதீங்க.

கடைசில மெட்ராசுல ஒரு ஆளு இருக்கறாருன்னாங்க. அங்க போனா நேரம் வாங்கிட்டுத்தான் போகோணும், ஆஸ்பத்திரி மாதிரி. இவளையும் கூட்டிட்டுப் போனேன். ஊட்லயே ஒரு ரூம்பு, செவுரு பூராத் துணி. ஒரே ஒரு சேரு. இந்த எடத்துலதான் உக்காரோணும், தலைய ஆட்டக் கூடாது, காலு மேல காலு போடக் கூடாதுன்னாரு. பாக்கெட்டுல இருந்த சில்லறையெல்லாம் எடுத்து வெளிய வெக்கச் சொன்னாரு. நமக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். காசு குடுத்து வாங்க வந்தவன உக்கார வெச்சு என்ன அதிகாரம்ங்கறீங்க! அப்பறம் அரை மணி நேரம் மிசினு சூடாகோணும்னாரு. அந்த அரை மணி நேரமும் அவரு கதையத்தான் சொல்லிட்டு இருந்தாரு. மனுசன் வாய மூடவே இல்லீங்க. பாட்டுப் போட்ட பொறவாவது மூடுவாருன்னு பாத்தா, 'கேட்டீங்களா, கேட்டீங்களா'ன்னு காதுக்கிட்டயே நிக்கறாரு. இப்படி ஒரு ஆளு இருப்பானுங்களா, ஸ்பீக்கரக் கேக்க உடாம ஸ்பீக்கரு விக்கறவன்?

ஏனுங்க சிரிக்கறீங்க? காப்பி பொறையேறிச்சுங்களா? தலைய ஆட்டாம குடிங்க.

மூணு மணி நேரம் உக்காந்தேன். அவ பேசுனது கேக்கலைங்க. மேளம் மட்டும் அப்படியே நெஞ்சுல வந்து இடிக்குது. கேக்கலையேன்னேன். அதுக்கு அவரு, 'இது புது ஸ்பீக்கரு, எரநூறு மணி நேரம் ஓடுனாத்தான் அதோட நெசச் சத்தம் வரும்'ங்கறாரு. அப்ப இப்ப நான் கேட்டது? 'இது சத்தமே இல்லைங்க.' நெசச் சத்தத்த எங்க போயிக் கேக்கறது? 'வாங்கிட்டுப் போயி உங்க ஊட்ல ஓட்டிக் கேளுங்க.' என்ற கடையில நான், 'இந்த மோட்டாரு இப்பத் தண்ணி எறைக்காது, வாங்கிட்டுப் போங்க, ஆடி மாசத்துல இருந்து எறைக்கும்'னு சொன்னா ஒதைக்க மாட்டாங்களா?

எந்திரிச்சு வந்திருக்கோணும். வந்திருப்பேன். ஆனா அவங்க ஊட்ல ரெண்டு தடவ காப்பி குடிச்சுட்டமுங்க. வசந்தாவுக்கு அவரு சம்சாரம் குங்குமம் வேற குடுத்துருச்சு, ரவிக்கைத் துணி வெச்சு. ரவிக்கைத் துணிய வாங்கிட்டு ஸ்பீக்கர வேண்டாம்னு எந்த மொகத்த வெச்சுட்டுங்க சொல்றது? நம்ம பக்கத்து ஆளுகளுக்கு அது வருமா? செரின்னுட்டேன். மண்டையத்தான் ஆட்டுனேன்.

வர்ற வழியில ரயில்ல இவ சொல்றா, 'ஸ்பீக்கரு பெருசாகப் பெருசாக மேளந்தான் பெருசாக் கேக்குது'ன்னு. இவளுக்கு என்னங்க தெரியும் ஸ்பீக்கரப் பத்தி? ம்முன்னுட்டுப் படுத்துத் தூங்கிட்டேன்.

ஊட்டுக்கு வந்து எரநூறு மணி நேரம் ஓட்டுனேன். வேற பாட்டுப் போட்டா வேற பாட்டுக்குப் பழகிருமில்லீங்க, அதனால கண்ணாலக் கேசட்டவே திருப்பித் திருப்பிப் போட்டேன். காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் கெட்டிமேளம். மூணாவது நாளு பின்வீதியில இருந்து ஒரு குடும்பமே பட்டுச்சேலை கட்டிட்டு வந்து நின்னாங்க. கண்ணாலப் பத்திரிகை வெக்காட்டிப் போகுது, பக்கத்துல இருந்துட்டு வராம இருக்கக் கூடாதுன்னு வந்தமுங்கறாங்க. என்ன பண்றது, உக்கார வெச்சு இட்டிலி சுட்டுக் குடுத்தா வசந்தா. மொய்யை மட்டும் வாங்கலை.

எரநூறு முடிஞ்சுது. எரநூத்தி ஒண்ணாவது மணி நேரம் இதே சேர்ல உக்காந்து கண்ண மூடிக் கேட்டேன். தவிலுக்காரரு வெரல்ல போட்டிருக்கற கூடு தோல்ல படறதுகூடக் கேக்குது. யாரோ இருமறது கேக்குது. பந்தியில எல போடறது கேக்குது. என்ற பொண்டாட்டி பேசுனது கேக்கலீங்க.

இப்ப ஏன் விக்கறேன்னு கேப்பீங்க. எங்க பொண்ணு சிந்துஜா ஏழு மாசமுங்க. ஞாயித்துக்கெழமை வளைகாப்பு, அப்பறம் இங்கதான் இருக்கும். கட்டிலு போட, தொட்டிலு கட்ட இந்த ஹாலு வேணும். 'வெள்ளிக்கெழமைக்குள்ள இந்த ரெண்டு பீரோவும் வெளிய போகோணும்'னுட்டா வசந்தா. நாளைக்கு வெள்ளிக்கெழமை. அதனால இன்னைக்கு உங்களுக்குப் போட்டுக் காட்டறதுதான் கடைசி. இன்னைக்குக் கேக்கலைன்னா இனி எனக்கு இந்த ஜென்மத்துல தெரியப் போறதில்லை. பொண்டாட்டிக்கு என்ன வாக்குக் குடுத்தோம்னே தெரியாத ஒருத்தன் தாத்தனாகறதுங்கறது எனக்கு மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க. சிரிக்காதீங்க. நெசமாலுமே சங்கடமா இருக்குது.

செரி, சூடாயிருச்சு. என்னது, நீங்க பாட்டுக் கொண்டு வந்திருக்கறீங்களா? அதெல்லாம் ரெக்கார்டிங் சரியா இருக்காதுங்க. நம்ம கண்ணாலத்தவே போடலாம். உங்க போன எடுங்க, பாட்ட உங்களுக்கு அனுப்பறேன். அந்தக் கறுப்பு டப்பாவுக்கு ப்ளூடூத்துல குடுத்தீங்கன்னா ஸ்பீக்கருல வந்துரும். உங்க போன்ல இருந்தே ஓட்டிப் பாத்தா உங்களுக்கும் ஒரு திருப்தி. வந்துருச்சுங்களா? பாட்டு ஆரம்பிச்சு நாலாவது நிமிசத்துக்குப் போங்க. அங்கதான் மாலை மாத்தறது. அமுக்குங்க.

அய்யய்ய. என்னுங்க இது, போன்லயே பாடுது. ப்ளூடூத்து சேரலீங்க. தகர டப்பாவுல தட்டற மாதிரி இருக்குது, நிறுத்துங்க, நம்ம ஸ்பீக்கருக்கே அவமானம். நிறுத்துங்கன்னா...

இருங்க. நிறுத்தாதீங்க.

பின்னால போங்க. சித்தெ பின்னால. இன்னொருக்கா. போன இப்படிக் குடுங்க, காதுக்கிட்ட வெச்சுக்கறேன்.

வாத்தியாரே, உங்களுக்கும் கேட்டுதுங்களா? நீங்களே சொல்லுங்க, என்ன கேட்டுது? ஆமாங்க. ஆமாங்க. எனக்கும் அதேதான் கேட்டுது. 'ஏனுங்க, மணைப்பலகை என்ற காலு மேல இருக்குது. சித்தெ எறங்குங்க.'

அதுக்கப்பறம் 'ம்'முன்னு ஒண்ணு வருது பாருங்க. அது நானு. அதுக்கும் அப்பறம் 'ஸ்ஸ்ஸ்'னு ஒண்ணு. அது அவ.

எறங்குனனாங்கறீங்களா? அதத்தான் நானும் யோசிக்கறேன். அந்தப் போட்டோவப் பாருங்க. ஏழு போட்டோ எடுத்தாருன்னு சொன்னனுங்களே. ஏழுலயும் நான் ஒசரமாத்தான் இருக்கறேன்.

அப்ப எழுவத்தெட்டுக் கிலோவுங்க நான்.

அது வெக்கமில்லீங்க வாத்தியாரே. பாருங்க நல்லா. கண்ணுல தண்ணி நிக்குது. பொண்ணு பொறந்த ஊட்ட நெனைச்சு அழுகுதுன்னு நெனைச்சு, 'நான் இருக்கறேன் கண்ணு, பயப்படாதே'ன்னு வேற அன்னைக்குச் சொன்னேன். பலகை மேல நின்னுட்டுச் சொல்லியிருக்கறேன்.

அந்த நகம். அவங்கப்பன் வழின்னு ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்கறனே! அந்தப் பெரியவரு போயிச் சேந்துட்டாரு, இல்லைன்னா அவரு கால்லயே போயி உழுந்திருவேன். முப்பது சோடி செருப்பு. முப்பது சோடி போட்டுப் பாத்துட்டு வெறுங்கையோட வருவா, நான் வண்டியில உக்காந்துட்டு ஹாரன் அடிப்பேன். இருவத்தொம்பது வருசமா ஹாரன் அடிச்சிருக்கறனுங்க.

எப்படிங்க இத்தனூண்டு போன்ல கேட்டுது? என்னது, சின்ன ஸ்பீக்கருல தவிலோட கனம் வராதா? அதனால பேச்சு மேல வருதா? அப்ப பெரிய ஸ்பீக்கருல? மேளந்தான் பெருசாக் கேக்கும். ம். இத எங்கயோ கேட்ட மாதிரி இருக்குது. யாரோ சொன்னாங்க. ரயில்ல. நான் தூங்கிட்டேன்.

வசந்தா! ஏ வசந்தா! இங்க வா. இல்ல, காப்பி வேண்டாம். கேட்டுருச்சு. அன்னைக்கு நீ சொன்னது கேட்டுருச்சு! பலகை!

அதப் பாருங்க. கதவுல சாஞ்சு நின்னு கையக் கட்டிட்டு என்ன கேக்கறா பாருங்க. 'இப்பவாச்சும் எறங்கறீங்களா?'ங்கறா.

ஏன் அம்மிணி, இதச் சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு வார்த்தை... என்ன சொல்றா கேட்டீங்களா? சொன்னாளாம். கண்ணாலம் முடிஞ்ச மக்கா நாளு காலைலயே சொன்னாளாம். நகம் கறுத்துப் போச்சு, ரத்தம் கட்டிருச்சுன்னு கால நீட்டிக் காட்டுனாளாம். நான் பேப்பரு படிச்சுட்டே ம்முன்னனாம். அதுக்கப்பறம் இந்த ஆளுகிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு உட்டுட்டாளாம்.

பாவம்ங்க அவ.

போயிராதீங்க வாத்தியாரே. ஸ்பீக்கரு வேண்டாம்ங்கறீங்களா? உங்க நெலைமை எனக்குப் புரியுதுங்க, நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனா ஒரு பேச்சு. உங்க போன் என்ன கம்பெனிங்க? அது விக்கற மாதிரி இருந்தாச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன். வெளாட்டுக்கில்லீங்க. ஒருக்காக் கேட்டுப் பாத்தாச்சில்ல, இதுக்கு மேல என்ன வேணும்? வேணும்னா பீரோ ரெண்டையும் வெச்சுக்கங்க, போன மட்டும்...

ஆங்? ம். செரி செரி.

இல்லீங்க, உள்ள இருந்து அவ என்னமோ சொன்னா. அதுக்குத்தான் ம்முன்னேன். நீங்க சொல்லுங்க, இந்தப் போன எங்க...

வாத்தியாரே. இப்ப அவ என்னங்க சொன்னா?

உங்களுக்கும் கேக்கலீங்களா? கேக்காது. நான் பேசிட்டு இருந்தேன்.

சித்தெ இருங்க. ஒரு நிமிசம். அந்தச் சேர எங்க வேணும்னாலும் நகத்திப் போட்டுக்கங்க, காலு மேல காலு போட்டுக்கங்க, ரிமோட்டு அங்கயே இருக்குது, உங்களுக்குப் புடிச்ச பாட்டப் போட்டுக் கேளுங்க. நான் உள்ள போயி என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன்.